‘எங்க போற?’ என்று கேட்காத இடம்

கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. அதில் தொங்கிய விறகுக் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா வாசலுக்கு வந்தாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. வெயில் மலை உச்சியில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயா பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்பில் அப்பிய சேற்றைப் படியில் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“எங்கக்கா கயிறோட கெளம்பிட்ட? அதான் கேஸ் அடுப்பு இருக்கே?”

“நடக்கப் போறேன்டி. டொக்டர் நோனா நடக்கச் சொன்னாங்கல்ல.”

“நடக்கிறதுக்கு எதுக்குக் கயிறு?”

இது கூடத் தெரியாதா உனக்கு என்பதுபோல் என்னைப் பார்த்தாள். “வெறுங்கைய வீசிக்கிட்டு எப்புடிடி நடக்கிறது? பாக்கிறவங்க எங்க போறன்னு கேட்டா என்னான்னு சொல்றது?”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

கால் ஓயாத காலம்

அக்காவின் பெயர் பிலோமினா. எனக்கும் அவளுக்கும் இடையில் பிறந்தவர்கள் தங்கவில்லை. அதனால் எனக்கு அவள் அக்கா பாதி, அம்மா பாதி. நான் டவுனுக்குப் போய் பார்மசியில் வேலைக்கு நின்றேன். அவள் தேயிலைத் தோட்டத்திலேயே நின்றுவிட்டாள். வயசாகி வேலையை விடுகிறவரைக்கும் கொழுந்துதான் எடுத்தாள்.

அவளுக்கு நடக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டிய காலம் ஒன்று வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். விடியக் காலையில் பீலிக்குப் போய்த் தண்ணீர் எடுப்பாள். பிறகு, இப்போது வெளியூரில் வேலைக்கு நிற்கிற மகனை அன்று பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடி, அங்கிருந்து மலைக்கு ஏறுவாள். கொழுந்து நிறுக்க இறக்கம், மறுபடி ஏற்றம். சாயங்காலம் கடை. ராத்திரிக்குள் மறுபடியும் பீலி. கக்கூஸ் என்று ஒன்று இருந்தது, அதுவும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் எங்கேயோ.

இதையெல்லாம் பெருமை என்று நான் சொல்ல வரவில்லை. மழையில் கக்கூசுக்கு நடப்பதில் என்ன பெருமை வேண்டிக்கிடக்கிறது? அந்தக் காலத்தில் எல்லாரும் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று யாராவது என்னிடம் ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் வரும். இடுப்பு ஒடிந்தவர்களை நான் எண்ணிச் சொல்லட்டுமா?

ஆனால் ஒன்று. உட்காரவே தெரியாத ஓர் உடம்பை ஒரே நாளில் உட்கார வைத்துவிட்டார்கள். அதற்கு என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. வேலையும் நின்றது, அதே வருஷம் தனி வீடும் வந்தது. வீட்டுக்குள்ளேயே குழாய், வீட்டுக்குள்ளேயே கக்கூஸ். முதல் நாள் அக்கா குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். “தெறந்தா வருதுடி ஸ்டெல்லா!” என்று குழந்தை மாதிரி கத்தினாள். அவள் புருஷன் அந்தோனி, நான் மாமா என்று கூப்பிடுகிறவர், தண்ணீர் வீணாகுது என்று சத்தம் போட்டுவிட்டு, அவள் அந்தப் பக்கம் போனதும் தானும் ஒரு தடவை திறந்து பார்த்தார்.

அடுத்த மழைக்குள் அக்காவின் முகம் ஊதிவிட்டது. கால் வீங்கியது. கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்து, சீனி எக்கச்சக்கம் என்றார்கள். “தினம் நடக்க வேணும் அம்மா, ஹரித, சரியா?” என்று சிங்களம் கலந்து, தெரிந்த தமிழில் சொன்னார் அந்தப் பெண் டொக்டர், எங்கள் டொக்டர் நோனா. “கால் கவனம். இப்படியே விட்டா காலை எடுக்க வேண்டி வரும்.”

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது முழுக்க அக்கா தன் பாதங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கிரவுண்டு

எங்கள் தோட்டத்தில் சமமான நிலம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். ரோட்டுக்கு மேலே, லயங்களுக்குக் கீழே, யாரோ எப்போதோ மலையை வெட்டிச் சமன் செய்த ஒரு துண்டு. கிரவுண்டு என்போம். பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி அங்கேதான். எங்களை மாதிரி மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளைகள், சாமி கும்பிடுகிற பிள்ளைகள் என்றெல்லாம் அன்றைக்கு வித்தியாசம் இல்லை. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி, ஒரு பிளாஸ்டிக் பேசினைப் பரிசாக வாங்கினாள். அந்தப் பேசினின் விளிம்பு உடைந்த பிறகும் தூக்கிப் போட விடவில்லை.

போட்டி வருஷத்தில் ஒரு நாள்தான். மற்ற நாட்களில் சாயங்காலமானால் பொம்பளைகள் பிள்ளையை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டே அந்தக் கிரவுண்டைச் சுற்றி வருவார்கள். பொடியன்கள் நடுவில் பந்து அடிப்பார்கள். கிழவர்கள் ஓரமாக ஒரு சுற்று, பிறகு ஒரு பீடி, பிறகு இன்னொரு சுற்று. உடற்பயிற்சி என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ‘எங்க போற?’ என்று கேட்பது வணக்கம் சொல்வது மாதிரி. கேட்காமல் கடந்து போனால்தான் கோபம். கேட்டால் பதிலும் சொல்லியாக வேண்டும். மலையில் ஒருத்தி நடந்தால் வேலைக்குப் போகிறாள், இல்லையென்றால் வேலை முடிந்து வருகிறாள். ரோட்டில் நடந்தால் கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, இல்லை சாவு வீட்டுக்கு. சும்மா நடக்கிறேன் என்று ஒருத்தி சொன்னால், வீட்டில் ஏதோ சண்டை என்று அர்த்தம். கிரவுண்டைச் சுற்றுகிறவளை மட்டும் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

தனி வீடு கட்ட இடம் தேடியபோது, சரிவெல்லாம் மண்சரிவு ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்தது கிரவுண்டு. கூட்டம் போட்டார்கள். இளந்தாரிப் பிள்ளைகள் இரண்டு பேர் எழும்பி, “கிரவுண்டு போயிருமே” என்று இழுத்தார்கள். பொம்பளைகள் பக்கத்திலிருந்து அக்காதான் எழும்பினாள்.

“பந்து அடிக்க எடம் வேணுமா, படுக்க எடம் வேணுமா?”

கைதட்டல் அடங்க நேரமானது. பத்துக் காம்பரா லயத்தில், ஒற்றைக் காம்பராவில், மூன்று தலைமுறையோடு படுத்து எழும்பியவள் கேட்ட கேள்வி. அதில் ஒரு பிழையும் இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் நாங்கள் கேட்கலாம் என்று எங்களுக்கு யார் சொல்லிவைத்தது என்பதுதான் என் ஆத்திரம்.

வீட்டுக்கு ஏழு பேர்ச், ஏழு பேர்ச்சாக நிலத்தை அளந்தார்கள். வீடு, வேலி, வீடு, வேலி. இடையில் ஓர் ஆள் ஒடுங்கிப் போகிற வழி. ரோட்டுக்கு இறங்க, ஏணியைச் சாத்திவைத்த மாதிரி செங்குத்தாகச் சிமெந்துப் படி. ரோட்டுக்கு ஓரம் என்று ஒன்று கிடையாது, ஒரு பக்கம் தண்ணீர் ஓடுகிற கான், மறுபக்கம் பள்ளம், நடுவில் பஸ். வரைபடத்தில் கோடு போட்டவர் ஒரு மனுஷிக்குக் காலை நீட்டி நடக்கத் தோன்றும் என்று நினைத்திருக்க மாட்டார். இவர்கள்தான் நாள் முழுக்க மலையில் நடக்கிறார்களே, இன்னும் என்ன நடை என்று நினைத்திருப்பார்.

அம்மா பிடுங்கிய புல்

இந்த இடத்தில் எங்கள் அம்மா கதை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கையில், ஒரு சித்திரை சீசனுக்கு அம்மா எங்களை நுவரெலியாவுக்குக் கூட்டிப் போனாள். ஏரி, குதிரை ஓடுகிற திடல், பந்து அடிக்கிற புல்வெளி, பூங்கா. வெள்ளைக்காரன் தான் காலாற நடப்பதற்கென்றே ஓர் ஊரைக் கட்டியிருந்தான். அந்த ஊருக்குக் காசு வந்த மலைகளில் நடந்தவர்களுக்கு ஒரு பெஞ்சு கூட அவன் போடவில்லை, அது வேறு கதை.

பூங்காவுக்குள் போனதும் அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். எழும்பினாள். பூப்பாத்தியைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் குனிந்து பாத்தியில் இருந்த புல்லைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டாள். பூஞ்செடியைத்தான் பிடுங்குகிறாள் என்று நினைத்துக் காவல்காரன் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தான். அம்மா கையில் இருந்த புல்லை விரித்துக் காட்டி, “புல்லுங்க ஐயா, புல்லு” என்றாள். அவனுக்குத் தமிழ் விளங்கவில்லை. எங்களை வெளியே அனுப்பிவிட்டான்.

பஸ் ஸ்டாண்டில் வைத்து அக்கா கேட்டாள், “ஏம்மா புல்லு புடுங்குன?” அம்மா சொன்னாள், “சும்மா இருக்க ஒரு மாதிரியா இருந்துச்சு.”

கிளினிக்குக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நான் அக்காவைத் தலவாக்கலையில் தண்ணீர்க்கரை நடைபாதைக்குக் கூட்டிப் போனபோது, இந்தக் கதைதான் எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. சப்பாத்துப் போட்ட டீச்சர்மார், காதில் எதையோ மாட்டிக்கொண்ட பிள்ளைகள், வேகமாகப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள்.

“எங்கடி போறாங்க இவங்கல்லாம்?”

“எங்கயும் இல்லக்கா. அந்தக் கடைசி வரைக்கும் போவாங்க.”

“போயி?”

“திரும்பி வருவாங்க.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் நடந்தாள். கல் இல்லை, அட்டை இல்லை, ஏற்றம் இல்லை. தண்ணீரிலிருந்து காற்று வந்தது. ஒரு நடை போய்த் திரும்பியதும் நின்று மூச்சு வாங்கினாள். “கால் லேசா இருக்குடி” என்றாள். முகத்தில் நான் நெடுநாளாகப் பார்க்காத ஒரு தெளிவு. “நம்ம கிரவுண்டு மாதிரியே இருக்கு” என்றாள்.

தினமும் பஸ் ஏறி வந்து நடப்பது நடக்கிற காரியமா? நடப்பதற்காக பஸ்ஸில் போகிறவளைப் பார்த்து ஊர் சிரிக்காதா?

கயிறும் கட்டும்

அதற்குப் பிறகுதான் விறகுக் கயிறு.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து ரோட்டில் மேலே போய், மாதா சிலை இருக்கிற கெபி வரை நடந்து, ஒரு ஜெபம் சொல்லிவிட்டுத் திரும்புவாள். “எங்கக்கா?” என்றால், “வெறகுக்கு.” அதற்கு மேல் கேள்வி இல்லை. மலைக்குள் வேலை இல்லாமல் யாராவது நின்றால் பாய்கிற வாச்சர் கூட, கயிற்றைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்.

ஆனால் போகும்போது பதில் சொல்லிவிடலாம், வரும்போது? பக்கத்து வீட்டுச் செல்வமணி ஒரு நாள், “என்னக்கா, வெறுங்கயிறோட வர்றீங்க? வெறகு ஆம்புடலயா?” என்று கேட்டுவிட்டாள். பாவம், அவள் பிரியமாகத்தான் கேட்டாள். மறுநாள் இன்னொருத்தி கேட்டாள். அக்காவுக்கு அது போதும். கொழுந்துக் கூடையை ஒருநாளும் வெறுமையாக இறக்காதவள்.

நாலாம் நம்பர் மலையில் அப்போது கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால், வெட்டிய மிளாறெல்லாம் அடியில் காய்ந்து கிடக்கும். நல்ல விறகு. அக்கா அதைப் பொறுக்கிக் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தாள். எரிக்க அடுப்பு இல்லை. வீட்டுக்குப் பின்னால் அடுக்கினாள். மாமா சத்தம் போட்டார், “இத வச்சு யாருக்குடி கொள்ளி வைக்கப் போற?”

நான் போகும்போதெல்லாம் அடுக்கு உயர்ந்திருந்தது.

“அக்கா, நடக்கத்தான் சொன்னாங்க. சுமக்கச் சொல்லல.”

“எல்லாம் ஒண்ணுதான் போடி.”

அடுத்த கிளினிக்கில் சீனி இறங்கியிருந்தது. டொக்டர் நோனா முதுகில் தட்டிக்கொடுத்தாராம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனாள். எனக்கும் சந்தோஷம்தான். கால் பிழைத்தது என்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்.

மழை நாளில் மலையில் செருப்பு வழுக்கும். கொழுந்து எடுத்த காலத்திலிருந்தே அவளுக்குப் பழக்கம், செருப்பைக் கழற்றிக் கட்டுக்குள் செருகிவிட்டு வெறுங்காலால் இறங்குவது. அன்றைக்கும் அப்படித்தான். தலையில் கட்டோடு வந்து, படியேறி, விறகை இறக்கிவிட்டுக் குழாயடிக்குப் போனாள். வாசல் சிமெந்தில் இரத்தம் திட்டுத் திட்டாகக் கிடந்தது.

“செல்வமணி, கோழி அடிச்சியா?” என்று வேலிக்கு மேலால் கேட்டாளாம்.

அவள் உள்ளங்காலில்தான் ஒரு மிளாறுக் குச்சி ஏறி முறிந்து நின்றது. சீனியில் கால் மரத்துப்போயிருந்தது, அவளுக்கு வலிக்கவே இல்லை.

மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டாள். சொன்னால் நடையை நிறுத்திவிடுவேன் என்று பயம். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குள் கால் வைத்ததும் புண் அழுகுகிற வாடை அடித்தது. பார்மசியில் இத்தனை காலம் நிற்பவளுக்கு அந்த வாடை தெரியாதா? நான் சத்தம் போட்டு அழுதுவிட்டேன். அக்கா சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

படி

நுவரெலியா ஆஸ்பத்திரியில் முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, போகும்போதே பிந்திவிட்டது.

மயக்கம் தெளிந்ததும் போர்வை பள்ளமாகக் கிடந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “இனிமே யாரும் எங்க போறன்னு கேக்க மாட்டாங்கல்ல?”

வீட்டுக்குக் கொண்டுபோன அன்று, பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து நான்கு இளந்தாரிகள் படியில் தூக்கி ஏற்றினார்கள். அதில் இரண்டு பேர், அன்றைக்குக் கூட்டத்தில் கிரவுண்டு போயிருமே என்று சொன்ன பிள்ளைகள். அக்கா அவர்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு கிளினிக்குக்கு மட்டும்தான் அந்தப் படியில் இறங்கினாள், அதுவும் கதிரையோடு.

வீட்டுக்குள் எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. குழாய் கிட்ட. கக்கூஸ் கிட்ட. ஜன்னலைத் திறந்தால் செல்வமணி வீட்டுச் சுவர் அதைவிடக் கிட்ட. ஒரு நாள் என்னிடம் கேட்டாள், “ஓட்டப் போட்டி முடியிற கோடு எங்கடி போட்டிருந்தாங்க?” நான் யோசித்துப் பார்த்து, “இந்தக் குசினி அடுப்பு இருக்கிற எடம்தான்க்கா” என்றேன். குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அப்ப இதுலதான் ஓடியிருக்கேன்” என்றாள்.

பனி கொட்டுகிற மாதம் ஒன்றில், சாயங்காலத் தேத்தண்ணி குடித்துவிட்டுச் சாய்ந்தவள் எழும்பவில்லை. வீட்டு வழியில் சவப்பெட்டி திரும்பவில்லை. செல்வமணி வீட்டு வேலியைப் பிரித்து, அவள் வாசல் வழியாகத்தான் கொண்டுபோனோம். பின்னால் அடுக்கியிருந்த மிளாறு, சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போட எரிந்தது. மூன்று நாள் எரிந்தும் தீரவில்லை.

கயிறு ஆணியில் அப்படியே தொங்கியது. நான் தொடவில்லை. கேஸ் சிலிண்டரைப் படியில் இழுத்து ஏற்ற மாமா அதைத்தான் பாவிக்கிறார்.

சந்தைப் பை

இப்போது எனக்கும் சீனி. குடும்பச் சொத்து. நான் விற்கிற குளிசையை நானே போடுகிறேன். பார்மசி திறப்பதற்கு முன்னால் தண்ணீர்க்கரையில் ஒரு நடை போய் வருகிறேன். டவுனில் இருப்பதால் எனக்கு அந்தக் கொடுப்பினை.

போன மாதம் ஒரு காலை, எதிரே செல்வமணி வந்தாள். கிளினிக்குக்கு நம்பர் எடுக்க முதல் பஸ்ஸில் வந்தவள், நேரம் இருந்ததால் இந்தப் பக்கம் வந்திருக்கிறாள்.

“எங்கக்கா, சந்தைக்கா?”

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். நாலாக மடித்த சந்தைப் பை. அந்த நேரத்தில் சந்தை திறப்பதே இல்லை. சந்தை இருப்பதும் இந்தப் பக்கம் இல்லை. ஆனால் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து தினமும் அந்தப் பையை எடுத்துக்கொண்டுதான் கிளம்பியிருக்கிறேன். கயிறு எதற்கு என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவள் நான்.

“ஆமா செல்வமணி, சந்தைக்குத்தான்” என்றேன்.

அவள் கொஞ்ச தூரம் என்னோடு நடந்தாள். தண்ணீரைப் பார்த்தாள், சப்பாத்துப் போட்டவர்களைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“எனக்கும் சீனின்னு சொல்லிட்டாங்கக்கா. தெனம் நடக்கணுமாம்.” கொஞ்சம் நின்று, “அந்தோனி அண்ணன்கிட்ட சொல்லி, அக்காவோட அந்த வெறகுக் கயித்த வாங்கிக் குடுக்கிறீங்களா?” என்றாள்.

கையிலிருந்த பையை எடுத்து அவள் கையில் திணித்தேன்.

“கயிறு வேணாம்டி. இத வச்சுக்க. கேட்டா கடைக்குன்னு சொல்லு. செருப்பக் கழட்டாத. திரும்பி வரும்போது ஒண்ணையும் தூக்கிட்டு வந்துராத, கேட்டியா? யாரு என்னா கேட்டாலும் வெறும் பையோடதான் வரணும்.”

அவளுக்கு விளங்கிவிட்டது. பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கிளினிக் பக்கம் போனாள்.

மிச்சத் தூரத்தையும் நடந்து முடித்தேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.